பேரிங்குக்குப் பின்னால் ஒரு நம்பர்

ஜப்பான் சார்ஜண்ட் கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய் டின்னில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு கடலையாக எடுத்து, தோலை ஊதித் தள்ளிவிட்டு வாயில் போடுவான். அவனுக்கு எதிரே, வலது பின்சக்கரம் கழற்றப்பட்டு, மரக்கட்டை முட்டுக் கொடுத்து நின்றது அந்தப் பழைய டிராக்டர். அதன் அச்சில், பேரிங்கைக் கவ்வி வெளியே இழுக்கும் மூன்று நகப் புல்லரை மாட்டி, என் வீட்டுக்காரர் ஸ்பானரால் திருகிக்கொண்டிருந்தார். அச்சு கூடவே சுற்றிவிடாமல் இருக்க நான் ஒரு கடப்பாரையை அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேரிங் அசையவில்லை. அசையக் கூடாது என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். அசையாவிட்டாலும் எங்களுக்குக் கதியில்லை என்பதால், அசைய வேண்டும் என்றும் இடையிடையே வேண்டிக்கொண்டேன். அம்மனுக்கே தலை சுற்றியிருக்கும்.

போன வாரம் இந்தத் தொடரில் மரவள்ளிக் கிழங்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கிள்ளானிலிருந்து ஒரு தங்கை கடிதம் போட்டிருக்கிறார். "ஜப்பான் காலத்தை இப்படிக் கேலியாகச் சொல்கிறீர்களே, உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்கிறார். பயம் இல்லாமல் என்ன, தங்கச்சி? மற்றவர்களுக்குப் பயம் நெஞ்சில் வரும் என்பார்கள். எனக்கு வயிற்றில் வரும். ஈரத் துணியைப் பிழிவதுபோலப் பிழியும். மூன்றரை வருடம் அது பிழிந்துகொண்டேதான் இருந்தது. அதிகமாகப் பிழிந்த நாள்களைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். கேலி செய்ய எவ்வளவு முடியுமோ தெரியவில்லை.

கைப்பட்டை

நாங்கள் குருபோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். என் வீட்டுக்காரர் அங்கே பட்டறையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. பிழைப்பைத் தேடி மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பேராங்கில் ஒரு செட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம்.

வீட்டுக்கார அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலில் கோலம் போட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். முதல் நாள் நான் ஆசையோடு தமிழில் மூச்சுவிடாமல் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்குத் தமிழ் தெரியாது என்று மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னார். மலாக்காச் செட்டிகள் தமிழ் பேச்சை விட்டுப் பல தலைமுறை ஆகிவிட்டதாம். அதற்கப்புறம் எங்கள் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் மலாயில்தான்.

வேலை இல்லாத ஆண்பிள்ளை தெருவில் நடமாட முடியாத காலம் அது. சந்தைக்குப் போனவனையும் ஏற்றினார்கள், சவத்தோடு போனவனையும் ஏற்றினார்கள். லாரி நிறைந்ததும் சயாமுக்கு, ரயில் பாதை போட. போனவர்களில் ஒருவரும் அப்போது திரும்பி வந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இயந்திரம் தெரியும் என்பதால் ஜப்பான் எழுத்து எழுதிய ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் கட்டியிருந்தால் லாரியில் ஏற்ற மாட்டார்கள். தாலியைவிட அந்தப் பட்டையைத்தான் நான் பத்திரமாகத் துவைத்துக் காயப்போடுவேன்.

எங்களோடு தோட்டத்திலிருந்து வந்த வீராசாமி அண்ணனுக்கு அந்தப் பட்டை கிடைக்கவில்லை. அதே பட்டறையில் இரண்டாவது பிட்டராக இருந்தவர்தான். ஆனாலும் ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்பதுபோல எங்கள் சந்துக்கு ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் கிழங்கு வாங்கச் செங் கிராமத்துப் பக்கம் சைக்கிளில் போனார். சைக்கிள் மட்டும் வந்தது. யாரோ ஒரு மலாய்க்காரர் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் மனைவி அஞ்சலை எங்களுக்கு மூன்றாவது வீடு. அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து, "ஏதாச்சும் சேதி தெரியுமா பாக்கியம்?" என்று கேட்பாள். நான் இல்லை என்பேன். சரி என்று போய்விடுவாள்.

ஐந்து விரல்

அந்த டிராக்டரை நான்கு எருமைகள் பூட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கொட்டகை முன்னால் விட்டார்கள். இரும்புச் சக்கரம் வைத்தது. யுத்தத்துக்கு முன்பே அது கிழவிதான். எங்கள் பழைய தோட்டத்து டிராக்டர் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் முகம் ஏன் சாம்பல் பூத்தது என்பதுதான் தெரியவில்லை.

கிளேபாங் கடற்கரைக்கு மரம் இழுக்க வண்டி வேண்டுமாம். வலது பின்சக்கரம் சுற்றவில்லை. சார்ஜண்ட் தன் கை விரல்கள் ஐந்தையும் விரித்துக் காட்டினான். ஐந்து நாள். பிறகு என் வீட்டுக்காரர் கைப்பட்டையை இரண்டு விரலால் தொட்டு, அவிழ்ப்பதுபோல ஜாடை காட்டி, "சயாம்" என்றான். அவன் சத்தம்கூடப் போடவில்லை.

அவருக்குக் கையாள் கிடையாது. கையாளாக இருக்கக் கூடியவர் சயாமில் இருந்தார். அதனால் நான்தான் முந்தானையைச் செருகிக்கொண்டு கடப்பாரை பிடித்தேன். முதல் நாள் சக்கரமும் மூடியும் கழன்றன. உள்ளே பேரிங் துருப்பிடித்து அச்சோடு அச்சாக ஒட்டிக் கிடந்தது. தேங்காய் எண்ணெயை விட்டு ஊற வைத்தார். சுத்தியலால் தட்டினார். புல்லரைப் போட்டு இழுத்தார். அது மலையாக நின்றது.

இரண்டாம் நாள் மத்தியானம் சார்ஜண்ட் சாப்பிடப் போனதும், அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார்.

"புள்ள, இந்தப் பேரிங்கு வெளிய வந்துச்சுன்னா நான் செத்தேன்."

"வரலைன்னாதான் சயாமு. வந்தா என்னவாம்?"

அப்போதுதான் சொன்னார்.

நாற்பத்து மூன்று

இதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் தோட்டத்துப் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. எந்த இயந்திரத்தைத் திறந்து மூடினாலும், மூடியவன் தன் செக்ரோல் நம்பரை, அதாவது தோட்டத்துப் பேர்ப்பதிவு நம்பரை, உள்ளே இரும்பில் அடித்துவிட வேண்டும். பின்னால் பழுது வந்தால் யார் கைவேலை என்று தெரிய வேண்டுமாம். பேரிங் என்றால், அதற்குப் பின்னால் அச்சில் இருக்கும் வளையத்தில் அடிக்க வேண்டும். மூடி மாறிப் போகும், வளையம் மாறாது என்பது துரையின் கணக்கு.

என் வீட்டுக்காரர் நம்பர் நாற்பத்து மூன்று. அந்த நம்பரின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். நம்பர் உளியை வீட்டுக்குக் கொண்டுவந்து அகப்பையில் அடித்தார், அரிவாள்மனையில் அடித்தார். என் அம்மா சீதனமாகக் கொடுத்த பித்தளைச் செம்பின் கழுத்தில்கூட 43 என்று அடித்துவிட்டார். "என் நெத்தியிலயும் ஒண்ணு அடிச்சிருங்க, காணாமப் போனா கொண்டாந்து குடுப்பாங்க" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

ஜப்பான்காரன் சைக்கிளில் வருகிறான், வந்துகொண்டே இருக்கிறான் என்று பேச்சு அடிபட்ட நாளில், துரை அவரைக் கூப்பிட்டு, "எல்லா வண்டியையும் உடைத்துவிடு" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். லாரி இரண்டையும் உடைத்தார். டிராக்டர் முன்னால் சம்மட்டியோடு நின்றவருக்கு மனசு வரவில்லை. ஆறு வருடம் எண்ணெய் போட்டு வளர்த்தது. அதனால் வலது பக்கத்துப் பேரிங்கைத் திறந்து, கிரீஸோடு இரண்டு கை ஆற்று மணலைப் போட்டு மூடி, வண்டி கத்திக்கொண்டு நிற்கும்வரை ஓட்டிவிட்டு வந்துவிட்டார்.

"சரி, மணலுதானே? மழையில வந்த மணலுன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

"மூடுறதுக்கு முன்னால..."

"மூடுறதுக்கு முன்னால என்ன?"

"நம்பரு அடிச்சுட்டேன் புள்ள."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது. திருடப் போனவன் பெயரையும் ஊரையும் சுவரில் எழுதி வைத்துவிட்டு வந்த கதை. துரை ஓடிப்போய்விட்டார், தோட்டமே போய்விட்டது, வண்டியைக் கெடுக்கிற வேலை அது. அப்போதும் சட்டப்படி நம்பர் அடித்திருக்கிறார்.

"கை பழக்கம்" என்றார். 

வளையத்தில் நம்பரைச் செதுக்கி எடுத்துவிடலாம். ஆனால் அதன் முன்னால் பேரிங் உட்கார்ந்திருந்தது. பேரிங் வந்தால்தான் உளி போகும். வரும்போது சார்ஜண்ட் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவன் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் வர வேண்டும். அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

மூன்றாம் நாள் சார்ஜண்ட் சாப்பாட்டை டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

பொய்த் திருகல்

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் நடிக்க ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைக்கும், பல்லைக் கடிப்பார், வியர்வை ஒழுகும். ஸ்பானர் மட்டும் முன்னால் கால் சுற்று, பின்னால் கால் சுற்று. நல்ல வேலைக்காரன் மோசமாக வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்று பார்த்தேன். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பாரையைப் பிடித்தேன்.

சார்ஜண்ட் கடலை தின்றான். அவன் அடிக்கிறவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவன் என் வீட்டுக்காரர் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அவன் கைகளைப் பார்த்தேன். நகக்கண்களில் கழுவினாலும் போகாத கறுப்பு. என் வீட்டுக்காரர் விரல்களில் இருக்கிற அதே கறுப்பு. இவனும் ஊரில் பட்டறைக்காரன் என்று அப்போது எனக்குத் தெரிந்துபோயிற்று. எங்கள் நடிப்பு இவனிடம் எத்தனை நேரம் செல்லும்?

நான்காம் நாள் பத்து மணி வாக்கில் அவன் எழுந்தான். சட்டையைக் கழற்றி, மடித்து, டின்மேல் வைத்தான். என் வீட்டுக்காரர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டு, அவரைத் தோளால் மெதுவாக ஒதுக்கினான். என்னைப் பார்த்து, "மிஞ்யாக்" என்றான். எண்ணெய். பிறகு அடுப்பைக் காட்டினான்.

மறைத்து வைத்திருந்த கடைசிப் போத்தல் தேங்காய் எண்ணெயைக் குவாலிச் சட்டியில் ஊற்றிக் காய வைத்தேன். புகை வரும்வரை காயவிட்டான். அச்சின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றினான். புல்லரை இறுக்கி வைத்துவிட்டு, கொதிக்கிற எண்ணெயைப் பேரிங்கின் உள்வளையத்தின் மேல் மட்டும் அகப்பையால் சுற்றிச் சுற்றி ஊற்றினான். உள்வளையம் சூட்டில் விரிய வேண்டும், அச்சு குளிர்ந்தே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் இது தெரியும். தெரியாததுபோல இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தார்.

சார்ஜண்ட் ஸ்பானரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான். 'டொக்' என்று ஒரு சத்தம். இன்னொரு சுற்று. கறுத்த கிரீஸைக் கக்கிக்கொண்டு பேரிங் வந்துவிட்டது.

அதைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். "பாசிர்" என்றான். மணல். தூசி புகாமல் இருக்க மூடியில் வைத்திருந்த கம்பளி வளையத்தை எடுத்துப் பார்த்தான். அது கிழியாமல் புதிதுபோல இருந்தது. வெளியிலிருந்து மணல் வர வழியில்லை. அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் கொட்டகையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

பிறகு அவன் அச்சில் இருந்த வளையத்தைக் கட்டை விரலால் துடைத்தான்.

ஒரு பெயர்

"நொம்போர் சியாப்பா?"

யாருடைய நம்பர் என்று கேட்டான். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவரைக் கட்டிக்கொண்டு எட்டு வருடம். வாயைத் திறந்தால் உண்மைதான் வரும் என்று எனக்குத் தெரியும். சட்டப்படி நம்பர் அடித்த மனிதர் சட்டப்படி ஒத்துக்கொள்ளவும் செய்வார்.

"வீராசாமி" என்றேன்.

சார்ஜண்ட் என் பக்கம் திரும்பினான். "டி மானா?" எங்கே என்றான்.

"சயாம்."

கட்டிய புருஷன் பெயரை என் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வழக்கம் அப்படி. இந்தத் தொடரிலும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அடுத்தவள் புருஷன் பெயரை அது அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது.

 சார்ஜண்ட் இரண்டு கைகளையும் நீட்டி, "ஆயேர்" என்றான். கை கழுவத் தண்ணீர்.

கொட்டகையில் தண்ணீர் மொள்ள இருந்தது என் சீதனச் செம்பு ஒன்றுதான். கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதன் கழுத்தில் 43 பளபளவென்று இருந்தது, நானே புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து. வேறு பாத்திரம் எடுக்கத் திரும்பினால் சந்தேகம் வரும். உள்ளங்கையை நம்பர் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். கொஞ்சம் தண்ணீர் அவன் காலணியில் சிந்தியது. அவன் குனிந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அந்தக் கறுப்பு போகாது என்று தெரிந்தும் கழுவினான். 

நிமிர்ந்து, என் முகத்தையும் செம்பைப் பிடித்திருந்த கையையும் பார்த்தான். பார்த்துவிட்டானா, பார்க்கவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, என்னை இன்னொரு முறை அந்தப் பெயரைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். எழுதிக்கொண்டான்.

மறுநாள் ஏதோ உடைந்த லாரியிலிருந்து எடுத்த பேரிங் ஒன்று வந்தது. என் வீட்டுக்காரர் அதை மாட்டிக் கொடுத்தார். டிராக்டர், பெட்ரோல் கிடைக்காததால் ரப்பரிலிருந்து காய்ச்சிய எண்ணெயைக் குடித்துக் கறும்புகை விட்டுக்கொண்டு கிளேபாங் பக்கம் போயிற்று. கைப்பட்டை அவர் கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் கிழங்கைப் பிட்டு வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் புள்ள அவன் பேரச் சொன்ன?"

"வேற யாரு பேரச் சொல்லுறது?"

"செத்தவன் பேரு எத்தன இருக்கு."

உண்மைதான். எங்கள் பட்டறையிலேயே மூன்று பேர் காய்ச்சலில் செத்திருந்தார்கள். மூன்று பெயரும் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சார்ஜண்டின் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அதில் வந்தது அந்தப் பெயர். இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்தது அப்படி.

அதற்குப் பிறகு அவர் எந்த இரும்பிலும் நம்பர் அடித்ததில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதுமில்லை.

அஞ்சலை

மறுநாள் காலையில் அஞ்சலை வந்தாள். "ஏதாச்சும் சேதி தெரியுமா பாக்கியம்?" என்றாள். நான் உள்ளே போய், எங்களுக்கு வைத்திருந்த அரிசியில் பாதியை அளந்து கொண்டுவந்து கொடுத்தேன். அவளுக்கு ஆச்சரியம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அதிசயமாக இருந்த நாள்கள் அவை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது வந்தாலும் பாதி அவளுக்கு. அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நான்தான் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயிலில், சந்தையில், பார்க்கிறவர்களிடமெல்லாம் "பாக்கியம் மாதிரி ஒரு பொம்பள கெடையாது" என்று சொல்லுவாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். காலெல்லாம் புண்ணாக வந்த ஒருவர், வீராசாமி அண்ணனோடு ஒரே முகாமில் இருந்தவராம். மழைக்கு முன்பு பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை என்றார். அஞ்சலை எழுந்து போன பிறகு நான் அவரைத் தனியாகக் கேட்டேன்.

"அவர யாராச்சும் பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டுப் போனாங்களா?"

"பேரு சொல்லி அங்க யாரு கூப்புட்டா? எல்லாம் நம்பருதான்" என்றார் அவர்.

அதற்குமேல் எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. காலராவா, பட்டினியா, அல்லது நோட்டில் எழுதிய பெயர் அவரைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிற்றா? அவர் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரும் போய்ப் பல வருடம் ஆயிற்று. இப்போது இதை அறிந்த ஆள் நான் ஒருத்திதான். அஞ்சலை மகனோடும் பேரன்களோடும் செங்கில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. இந்தத் தொடரை ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். கேட்டு முடித்ததும் எனக்குப் போன் போட்டு, "எல்லாரப் பத்தியும் எழுதுற, என்னப் பத்தி எப்ப எழுதப் போற?" என்று சண்டை பிடிக்கிறாள்.

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாற்பது வருடமாகப் பார்த்தேன். முடியவில்லை. பத்திரிகையில் எழுதிச் சொல்வது கோழைத்தனம்தான். பயந்தவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

எழுதிவிட்டேன் அஞ்சலை. பேரன் வாசித்து முடித்ததும் போன் போடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.